மின்முலாமும் பரப்புக் கணக்கும்

பித்தளைக் குடமோ குத்துவிளக்கோ வாங்கச் செல்பவர் அதனைத் தராசில் நிறுத்து விலை பேசுவது நம் நாட்டு வழக்கம். நாச்சியார்கோயில் விளக்கும் கும்பகோணம் பாத்திரமும் நெடுங்காலமாக இவ்வாறே கைமாறி வந்திருக்கின்றன. உலோகத்தை உருக்கி வார்ப்பவருக்கு இம்முறை பொருத்தமானதே. அவர் செலவிடும் உலோகம் முழுவதும் எடையில் அடங்கிவிடுகின்றது. ஆனால் அப்பொருளின்மீது மின்சாரத்தால் முலாம் பூசித் தருபவரும் கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவாராயின், சில வேலைகளில் காரணம் அறியாமலே தாம் நஷ்டமடைவார். சில வேலைகளில் வாடிக்கைக்காரரை நஷ்டப்படுத்துவார். முலாம் என்பது பொருளின் மேற்பரப்பில் படிவது. அதற்கு வேண்டிய மின்சாரம், நேரம், உலோகம், கூலி யாவும் பரப்பைப் பொறுத்தே அமைகின்றன. அப்பரப்பை அளக்கும் வகையையும், அதிலிருந்து மின்னோட்டத்தையும் நேரத்தையும் கணக்கிடும் வகையையும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போலகமும் இத்தொழிலும்

காரைக்கால் பிரதேசத்தின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த ஊர் போலகம். 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரையில் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த இப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் அடங்கியது. பிப்டிக் என்னும் புதுவை அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் இவ்வூரில் தொழில் மனைகளை அமைத்திருக்கின்றது. 32.5 மெகாவாட் திறனுடைய எரிவாயு மின்நிலையமும் இவ்வூரிலேயே நிறுவப்பட்டு, 2000-ம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று.

சுற்றிலும் நெல் வயல்கள். கிழக்கே கடற்கரையில் பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்கள். வயலுக்குப் பம்பு செட்டின் இரும்புப் பட்டைகளும், படகுக்கு ஆணிகளும் போல்ட்டுகளும், வீட்டுக்குக் கீல்களும் தாழ்ப்பாள்களும் வேண்டும். கடற்காற்றோடு வரும் உப்புத் துகள் இரும்பின்மீது படிந்து, ஈரத்தை இழுத்து நிறுத்திக்கொள்கின்றது. அதனால் உள்நாட்டில் பல ஆண்டு தாங்கும் இரும்பு இங்கு விரைவில் துருப்பிடிக்கின்றது. இவ்விரும்பின்மீது துத்தநாக முலாம் பூசிக் கொடுக்கும் ஒரு சிறு பட்டறை, சங்க முறையில் நடத்துவதற்கு ஏற்ற தொழில்களுள் ஒன்றாகும்.

துத்தநாகம் இரும்புக்கு இருவகையில் காவலாகின்றது. ஒன்று, போர்வைபோல் மூடிக்கொள்வது. மற்றொன்று, சிறிது கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பது. இக்காவல் எத்தனை காலம் நிற்கும் என்பது முலாமின் கனத்தைப் பொறுத்தது; கனம் இரட்டித்தால் காலமும் ஏறக்குறைய இரட்டிக்கும். இக்கனத்தை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 5 மைக்ரான் முலாமும் 25 மைக்ரான் முலாமும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். வேறுபாடு இரண்டொரு மழைக்காலம் கழிந்த பின்னரே வெளிப்படும். அப்போது சங்கத்தின் பெயர் கெட்டிருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் கணக்கை நம்புவதே இத்தொழிலின் முதற் பாடமாகும்.

தொழிலின் அடிப்படை

ஒரு தொட்டியில் துத்தநாக உப்புக் கரைசலை நிரப்பி, அதில் துத்தநாகத் தகடுகளை மின்சாரத்தின் நேர்முனையோடும், நன்கு சுத்தம் செய்த இரும்புப் பொருளை எதிர்முனையோடும் இணைத்துத் தொங்கவிடுவர். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் இதற்கு உதவாது. ரெக்டிபையர் என்னும் சாதனத்தால் அதனை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக்கிச் செலுத்துதல் வேண்டும். மின்சாரம் ஓட ஓட, தகட்டிலுள்ள துத்தநாகம் கரைந்து, பொருளின்மீது வந்து படிகின்றது.

மின்சாரத்தால் பொன்முலாம் பூசலாம் என்பதை இத்தாலியரான புருக்னதெல்லி 1805-ல் காட்டினார். 1840-ல் எல்கிங்டன் குடும்பத்தார் இங்கிலாந்தில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றுத் தொழிலாக வளர்த்தனர். இடையில், இத்தொழிலைக் கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. படியும் உலோகத்தின் நிறை, ஓடிய மின்சாரத்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று அவர் 1830-களின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். நம் தமிழ்நாட்டிலேயே, அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் பொருளிலும் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரி 14-ந் தேதி திறக்கப்பெற்று, முலாம் பூசும் முறைகளையும் ஆராய்ந்து வருகின்றது.

ஃபாரடேயின் விதிப்படி, ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் படியக்கூடிய உலோகம் வருமாறு:

துத்தநாகம்: 1.22 கிராம்.
நிக்கல்: 1.10 கிராம்.
செம்பு, மயில்துத்தக் கரைசலில்: 1.19 கிராம்.

மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு நீரைப் பிரித்து வாயுவை உண்டாக்குவதில் வீணாகும். சயனைடு கலவாத, குளோரைடு வகைத் துத்தநாகத் தொட்டியில் நூற்றுக்கு 95 பங்கு பயன்படுவதாகக் கொள்ளலாம்.

மடை நீர் உவமை

காவிரிப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. மடையில் ஓடும் நீரை ஆம்பியர் எனக் கொள்ளுங்கள். நிலத்தின் விஸ்தீரணத்தைப் பொருளின் பரப்பு எனக் கொள்ளுங்கள். வயலில் நிற்கும் நீரின் ஆழமே முலாமின் கனம். ஒரே மடை நீரை ஒரே நேரம் ஒரு மா நிலத்தில் பாய்ச்சுவதும் ஐந்து மா நிலத்தில் பாய்ச்சுவதும் ஒன்றாகுமா? நிலத்தின் அளவு தெரியாதவன் எத்தனை நாழிகை மடை திறந்திருந்தாலும் ஆழத்தைச் சொல்ல முடியாது. பரப்புத் தெரியாமல் ரெக்டிபையரைத் திருப்புபவர் நிலைமையும் அதுவே.

இத்தொழிலில் பரப்பைச் சதுர டெசிமீட்டரால் அளப்பது வசதி. 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சதுரம் ஒரு சதுர டெசிமீட்டர். அதாவது 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர டெசிமீட்டரில் ஒரு மைக்ரான் கனம் படிய வேண்டிய உலோகம், துத்தநாகமாயின் 0.0714 கிராம், நிக்கலாயின் 0.089 கிராம். இவ்வெண்களைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பரப்பை அளத்தல்

தட்டையான பொருள்: படகுக்கு வேண்டிய இரும்புப் பட்டை ஒன்று 20 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் கனம் உள்ளதாகக் கொள்வோம். மேல்முகம் 100 சதுர சென்டிமீட்டர். நீள ஓரம் 10. குறுக்கு ஓரம் 2.5. இவை ஒவ்வொன்றும் இரண்டிரண்டு. ஆக 225 சதுர சென்டிமீட்டர், அல்லது 2.25 சதுர டெசிமீட்டர். முலாம் பொருளின் எல்லாப் புறங்களிலும் படியும் என்பதை மறத்தலாகாது. கண்ணுக்கு எதிரே தெரியும் ஒரு முகத்தை மட்டும் கணக்கிடுவோர் பாதிக்கு மேற்பட்ட பரப்பை விட்டுவிடுகின்றனர்.

துளை: பட்டையில் துளையிட்டால் இரு முகங்களிலும் சிறிது பரப்புக் குறையும்; துளையின் உட்சுவர் சிறிது பரப்பைச் சேர்க்கும். துளையின் விட்டம் பட்டையின் கனத்தைப் போல் இரு மடங்கானால், குறைவதும் சேர்வதும் சரிக்குச் சரி. மேற்சொன்ன பட்டையில் ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள துளைகள் எத்தனை இட்டாலும் கணக்கு மாறாது.

உருளையும் குழாயும்: விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் வெளிப்புறப் பரப்பு கிடைக்கும். 2.5 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயின் வெளிப்புறம் ஏறக்குறைய 2.36 சதுர டெசிமீட்டர். குழாயின் உட்புறத்தில் மின்சாரம் எளிதில் புகாது. பொதுவாக வாயின் விட்டமளவு ஆழத்துக்கே முலாம் ஓரளவு நன்றாகப் படியும்.

மரை: போல்ட்டின் மரையுள்ள பகுதியை வழவழப்பான உருளையாகவே முதலில் கணக்கிட்டு, பின்னர் ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்க. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 4 சென்டிமீட்டர் நீளம் மரையிருந்தால், உருளைக் கணக்கில் 15.1 சதுர சென்டிமீட்டர். மரையின் மேடுபள்ளங்களோடு சேர்த்து 22.6.

கோணலான வார்ப்பு: கீல், கைப்பிடி, விளக்குத் தண்டு முதலியவற்றை அளவுகோலால் அளப்பது கடினம். ஒரே சீரான காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி பொருள் முழுவதையும் ஒட்டி மூடுக. பின்பு அத்துண்டுகளை எடுத்து உலர்த்தி நிறுக்க. அதே காகிதத்தில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி அதையும் நிறுக்க. முதல் நிறையை இரண்டாம் நிறையால் வகுத்தால் வருவதே சதுர டெசிமீட்டர்க் கணக்கு. ஒட்டும் பசை நிறையைக் கூட்டாதவாறு, ஈரத்தால் மட்டும் ஒட்டுதல் நலம். சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரர் முறையே இது.

மின்னோட்டமும் நேரமும்

ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு எத்தனை ஆம்பியர் என்பதே மின்னடர்த்தி. பொருளைக் கொக்கியில் தொங்கவிட்டுப் பூசும் துத்தநாகத் தொட்டியில் 2 ஆம்பியர் நடுத்தரமான அளவு. நிக்கலுக்கு 2 முதல் 5 வரை கொள்வர். தொட்டியின் கரைசலை விற்பவர் கொடுக்கும் குறிப்பில் உள்ள எல்லைக்குள் இருத்தல் வேண்டும்.

துத்தநாகத்தில், மின்னடர்த்தி ஓர் ஆம்பியராக இருந்தால் மணிக்கு 16.2 மைக்ரான் படியும். வீணாகும் பங்கு இதில் கழிக்கப்பட்டுள்ளது. 2 ஆம்பியராயின் 32.4 மைக்ரான்.

இனி ஒரு முழுக் கணக்கைப் பார்ப்போம். மேற்சொன்ன பட்டைகள் 20 தொட்டியில் இறங்குகின்றன. மொத்தப் பரப்பு 45 சதுர டெசிமீட்டர். மின்னடர்த்தி 2 எனில், ரெக்டிபையரில் வைக்க வேண்டியது 90 ஆம்பியர். எத்தனை நேரம்? அது வேண்டிய கனத்தைப் பொறுத்தது. துத்தநாக முலாமுக்குரிய உலகத் தர விதியாகிய ஐ.எஸ்.ஓ. 2081, உலர்ந்த வீட்டின் உள்ளிருக்கும் பொருளுக்கு 5 மைக்ரானும், சாதாரண வெளிப்புறத்துக்கு 12 மைக்ரானும், கடற்காற்று போன்ற கடுமையான நிலைக்கு 25 மைக்ரானும் குறிப்பிடுகின்றது. காரைக்கால் கரைக்கு 25 மைக்ரானே ஏற்றது. 25-ஐ 32.4-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 46 நிமிஷம். 12 மைக்ரான் போதுமெனில் 22 நிமிஷம். 25 மைக்ரானுக்குச் செலவாகும் துத்தநாகம் சுமார் 80 கிராம். தொட்டியில் 5 வோல்ட்டு ஓடுவதாகக் கொண்டு, ரெக்டிபையரில் வீணாவதையும் சேர்த்தாலும், மின்சாரச் செலவு அரை யூனிட்டுக்கு உட்பட்டதே.

கொக்கியின் உலோகம் மூடப்படாமல் கரைசலுக்குள் இருந்தால், அதன்மீதும் முலாம் படியும். அப்பரப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லையேல் கொக்கியைப் பிளாஸ்டிக் பூச்சால் மூடிவிடுதல் சிக்கனம். நேர்முனைத் தகடுகளின் பரப்பு பொருளின் பரப்புக்குக் குறையாமல் இருத்தலும் அவசியம்.

கணக்குப் பிசகினால் நேர்வது

இருபது பட்டைகளுக்கும் ஒரு முகத்தை மட்டும் கணக்கிட்ட ஒருவர், பரப்பை 20 சதுர டெசிமீட்டராகக் கொண்டு 40 ஆம்பியர் வைக்கின்றார் எனக் கொள்வோம். 46 நிமிஷமும் தவறாமல் காத்திருக்கின்றார். படிந்திருப்பதோ சராசரியாக 11 மைக்ரான்தான். 25 மைக்ரானுக்குக் கூலி கொடுத்தவர் பெற்றது அதில் பாதியும் இல்லை. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாதபோதும் இது ஏமாற்றாகவே முடியும்.

இதற்கு எதிரான பிசகும் உண்டு. தொட்டியில் பத்துப் பட்டைகளே இருக்கையில், வழக்கப்படி 90 ஆம்பியர் வைத்தால் மின்னடர்த்தி 4 ஆகிவிடும். அப்போது ஓரங்களும் மூலைகளும் கருகிச் சொரசொரப்பாகும். சில வேளைகளில் முலாம் உரிந்துவிடும். வேலை முழுவதையும் அமிலத்தில் அகற்றி மறுபடி பூச நேரும்.

கணக்குச் சரியானாலும் ஒன்றை நினைவில் கொள்க. மின்சாரம் ஓரங்களையும் முனைகளையும் நாடும். பள்ளங்களில் குறைவாகவே செல்லும். கணக்கில் வருவது சராசரிக் கனம். பள்ளமான பகுதியிலும் 25 மைக்ரான் வேண்டுமாயின் நேரத்தைக் கூட்டுதல் வேண்டும்.

எடை உதவும் இடங்கள்

முலாம் பூசுவதில் தராசுக்கு வேலையே இல்லை என்று எண்ணற்க. இரண்டு இடங்களில் அது நல்ல துணை.

முதலாவது, சோதனைக்கு. சுத்தம் செய்து உலர்த்திய பட்டை ஒன்றை, பொற்கொல்லர் பயன்படுத்துவது போன்ற நுண்ணிய தராசில் பூசுமுன்னும் பூசியபின்னும் நிறுக்க. 25 மைக்ரான் படிந்திருந்தால், 2.25 சதுர டெசிமீட்டர்ப் பட்டையின் நிறை சுமார் 4 கிராம் கூடியிருக்கும். 2 கிராம்தான் கூடிற்று எனில், கனம் பாதியே. விலையுயர்ந்த கருவி இன்றியே ஒவ்வொரு நாளும் இச்சோதனையைச் செய்து பதிவேட்டில் எழுதி வைக்கலாம்.

இரண்டாவது, சிறு பொருள்களுக்கு. வாஷர், ஆணி, சிறு போல்ட்டு முதலியவற்றை ஒவ்வொன்றாகத் தொங்கவிட முடியாது. துளைகளுள்ள பீப்பாயில் இட்டுத் தொட்டிக்குள் சுழற்றிப் பூசுவர். இவற்றுக்கு மின்னடர்த்தி அரை ஆம்பியர் முதல் ஓர் ஆம்பியர் வரையில் போதும். நேரம் அதற்கேற்ப நீளும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிலோவில் எவ்வளவு பரப்பு என்பதை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், பின்னர் நிறுத்தே பரப்பை அறியலாம். 24 மில்லிமீட்டர் விட்டமும், 13 மில்லிமீட்டர் துளையும், 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்பு வாஷர் ஒன்றின் பரப்பு 9.3 சதுர சென்டிமீட்டர், நிறை 6.27 கிராம். ஆகவே கிலோவுக்கு 14.8 சதுர டெசிமீட்டர். நாம் மேலே கண்ட பட்டையிலோ கிலோவுக்கு 5.7 மட்டுமே. இரண்டையும் ஒரே கிலோக் கூலிக்கு ஏற்றுக்கொள்பவர், வாஷரில் இரண்டரை மடங்கு வேலையை அதே கூலிக்குச் செய்பவராவார்.

கூலி நிர்ணயம்

இருவர் தலைக்கு 10 கிலோ இரும்பு கொண்டுவருகின்றனர். ஒருவருடையது 5 மில்லிமீட்டர்த் தகடு. மற்றவருடையது 1 மில்லிமீட்டர்த் தகடு. ஓரங்களை விட்டுவிட்டால், முன்னதன் பரப்பு 51 சதுர டெசிமீட்டர். பின்னதன் பரப்பு 255. 25 மைக்ரான் பூச, முன்னதற்கு 91 கிராம் துத்தநாகமும், 90 ஆம்பியர் ஓட்டத்தில் 52 நிமிஷமும் போதும். பின்னதற்கு 455 கிராமும் நான்கு மணி 22 நிமிஷமும் வேண்டும். தராசில் இரண்டும் சமம். தொட்டியில் ஒன்றுக்கு ஐந்து. கிலோவுக்கு ஒரே கூலி வைத்தால், கனத்த தகடு கொண்டுவந்தவர் மெல்லிய தகடு கொண்டுவந்தவரின் செலவைத் தாங்க நேரும். அவர் நாளடைவில் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். மெல்லிய தகடுகள் மட்டும் சங்கத்துக்கு வந்து குவியும், கையிருப்புக் கரையும்.

ஆகவே ஒரு சதுர டெசிமீட்டருக்கு, ஒரு மைக்ரானுக்கு இவ்வளவு என்று உலோகத்தின் விலையையும் தொட்டியின் நேரத்தையும் கணக்கிட்டு, அதனோடு சுத்தம் செய்யும் கூலியையும் சேர்த்து விகிதம் ஏற்படுத்துதல் நியாயம். ரசீதில் பரப்பு, கனம் இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கத்தினர் எவரும் கேட்டால் கணக்கைக் காட்டக்கூடிய முறை கூட்டுறவுக்கு உயிர்.

படகின் நீரில் மூழ்கும் பகுதிக்கு வேண்டிய இரும்பைக் கொண்டுவருபவரிடம், இம்முலாம் அதற்குப் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லுதல் கடமை. அதற்கு, உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்து இன்னும் பல மடங்கு கனமாகப் பூசும் முறையோ, துருப்பிடிக்காத எஃகோ தகுதியானது.

கழிவு நீர்

பொருளைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது கரைசல் அதன்மீது ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றது. அதுவும் பரப்பைப் பொறுத்தது. பரப்பு மிகுந்த பொருள் மிகுந்த கரைசலை இழுத்து வரும். பரப்புக் கணக்கு வைத்திருக்கும் பட்டறை, தன் கழுவுநீர்த் தொட்டியில் எவ்வளவு உலோகம் சேர்கின்றது என்பதையும் மதிப்பிட முடியும். பொருளைத் தொட்டிக்கு மேலேயே சிறிது நேரம் சொட்டவிட்டு, முதற் கழுவுநீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றிக்கொண்டால் உலோகமும் மிஞ்சும், நீரும் கெடாது.

துத்தநாகம், நிக்கல், குரோமியம் கலந்த நீரை வாய்க்காலில் விடுதல் பெருந் தீங்கு. அந்நீர் நம் வயலுக்கும், பின் கடலோர மீனுக்கும் சென்று சேரும். மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தின் இசைவு பெற்று, கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடுதான் பட்டறை தொடங்கப்பட வேண்டும். சயனைடுக் கரைசல் கொடிய விஷம். அமிலத்தோடு சேர்ந்தால் உயிரைக் கொல்லும் வாயு எழும். சயனைடு இல்லாத தொட்டிகள் கிடைக்கும் இக்காலத்தில், கிராமச் சங்கம் அதனை நாட வேண்டிய அவசியமில்லை.

தொடங்குவோர் செய்யத்தக்கது

ஓர் அளவுநாடா, ஒரு நுண்தராசு, ஒரு பதிவேடு ஆகியவை ரெக்டிபையருக்கு முன்னரே வாங்கத்தக்கவை. முதல் மாதத்தில் பட்டறைக்கு வரக்கூடிய பொருள்களின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் நிறையையும் கணக்கிட்டு எழுதுக. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த இளைஞர் எவரும் இக்கணக்கைச் செய்யக்கூடும். பட்டியலைப் பட்டறையில் யாவரும் காணத் தொங்கவிடுக. ஒவ்வொரு முறை தொட்டியை நிரப்பும்போதும் பரப்பு, ஆம்பியர், நிமிஷம், கூடிய நிறை ஆகிய நான்கையும் பதிந்து வருக. இந்நான்கும் ஒன்றோடொன்று பொருந்தி வருமாயின் வேலை நேர்மையாக நடக்கின்றது என்று துணியலாம். பொருந்தாவிடில் பிசகு எங்கே என்று அன்றே தேடித் திருத்தலாம்.